அளவெடுக்காத நாற்காலி

ஏப்ரல் 3, திங்கள்

கார்பெண்டர் இன்றும் வரவில்லை. போன் செய்தால் "வந்துட்டே இருக்கேம்மா" என்கிறான். மூன்று வாரமாக வந்துகொண்டே இருக்கிறான். ஓசூரில் எந்த மூலையிலிருந்து கிளம்பியிருந்தாலும் இந்நேரம் காசிக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

மே மாதம் என் மகள் தேன்மொழி பெங்களூரிலிருந்து அந்தப் பையன் இளமாறனையும் அவன் அம்மாவையும் அழைத்து வருகிறாள். ஒரே ஆபீஸ், ஒரே மனசு, பேசி முடித்துக்கொண்டார்கள். இனி அந்த அம்மாள் வந்து எங்களைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா சொல்வதுதான் எல்லாம். எங்கள் ஹாலில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் ஃபிரிட்ஜ் மேல்தான் உட்கார வேண்டும். ஆனால் தோட்டம் இருக்கிறது. ரோஜா இருக்கிறது, சௌசௌ பந்தல் இருக்கிறது. உட்காரத்தான் ஒன்றும் இல்லை, முதுகு விரிசல் விட்ட இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தவிர. எனக்கு ஒரே மாதிரி நாலு மர நாற்காலியும் ஒரு மேசையும் வேண்டும்.

எரிச்சலில் இவரைப் பிடித்துக்கொண்டேன். "முப்பது வருஷம் கம்பெனி ஸ்டோர்ல உக்காந்தீங்களே, ஒரு நாற்காலி செய்யத் தெரியாதா? எங்கப்பா நாற்காலி மாதிரியே நாலு செஞ்சு போடுங்களேன், பாக்கலாம்!" சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கவும் ஆள் கூப்பிடுகிற மனுஷர் அவர்.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அதே மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"நெசமாத்தான் கேக்கறியா, தில்லை?"

"பின்ன, பொய்யா கேப்பாங்களா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அந்தக் காரமாக இருக்கும்.

"செய்யறேன்" என்றார்.

ஏப்ரல் 6, வியாழன்

மரமில்லிலிருந்து தேக்குப் பலகை வந்து இறங்கியது. சரி, யாராவது ஆசாரியைப் பிடித்திருப்பார் என்று நினைத்தேன். இவரோ பஜாரில் வாங்கிய இழைப்புளியை எடுத்தார். ஒரு கண்ணை மூடி அதன் அடியைப் பார்த்தார். பின்புறம் லேசாக ஒரு தட்டு, முன்புறம் ஒரு தட்டு. பலகைமேல் வைத்துத் தள்ளினார். மரச்சுருள் ரிப்பன் போல நீளமாக, அறுபடாமல் வந்து விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுஷரோடு முப்பத்துநாலு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன்!

"எங்கங்க கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?"

சிரித்தார். "உனக்குத் தெரியாதா என்ன?"

யோசித்துப் பார்த்தேன். ஆமாம், பம்பாய். கல்யாணத்துக்கு முன்னால் இவர் ஐந்து வருஷம் பம்பாயில் வேலை பார்த்தவர் என்று அப்பா சொல்லியிருந்தார். அங்கே மரவேலை போலிருக்கிறது. நான் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கடல் எப்படி இருக்கும் என்றாவது கேட்டிருக்கலாம்.

அப்பாவின் நாற்காலியைப் பற்றி இங்கே எழுதிவிடுகிறேன். அப்பா வேலூர் ஜெயிலில் குமாஸ்தா. அங்கே பட்டறையில் கைதிகள் மேசை, நாற்காலி எல்லாம் செய்வார்கள். அதில் ஒன்றை வாங்கி வந்து என் கல்யாணச் சீரில் வைத்தார். "கைதி செஞ்ச நாற்காலிய சீருல வெப்பாங்களா?" என்று அத்தை முகத்தைச் சுளித்தாள். அப்பா அசையவே இல்லை. குத்துவிளக்கை மறந்தாலும் மறப்பார், அந்த நாற்காலியை விடமாட்டேன் என்று நின்றார். இன்றைக்கும் ஒரு பொருத்து ஆடவில்லை. அவர் போனபிறகு அதில் உட்கார்ந்தால்தான் எனக்கு மனசு ஆறும்.

ஏப்ரல் 8, சனி

மாவு அரைத்தேன். ரோஜாவில் பூச்சி, வேப்பெண்ணெய் அடித்தேன். வீடு முழுக்க மரத்தூள். பெருக்கிப் பெருக்கி இடுப்பு போயிற்று.

ஏப்ரல் 11, செவ்வாய்

நான் தையல் டீச்சராக இருந்தவள். பெண்கள் பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு முதல் பாடமே டேப்பைப் பிடிப்பதுதான். அளவெடுக்காமல் ஒரு ஜாக்கெட்டுக்குத் துணி வெட்டினால் நான் கத்தரியைப் பிடுங்கி வைத்துவிடுவேன்.

இந்த மனுஷர் அளவே எடுக்கவில்லை! அப்பா நாற்காலி ஹாலில் ஜன்னலோரம்தான் இருக்கிறது. டேப்போடு ஒரு தடவைகூட அதன் பக்கம் போகவில்லை. நேராகப் பலகையில் பென்சிலால் கோடு போடுகிறார், அறுக்கிறார். "தேக்குங்க, தெரியாத்தனமா வெட்டிடாதீங்க" என்று கத்தினேன். "கைக்குத் தெரியும்" என்றார்.

பிடிவாதம். எல்லாவற்றிலும் இவருக்கென்று ஒரு சட்டம். விடியும் முன்னே எழுந்துவிடுவார், ரிட்டயர் ஆனபிறகும். போர்வையைச் சதுரமாக மடித்துத் தலைமாட்டில் வைப்பார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்ப்பார். மாமியார் நன்றாக வளர்த்திருக்கிறார் என்று பள்ளியில் எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். ஒன்றுதான் எனக்குப் பிடிக்காது. எங்கள் அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. வீடு கட்டும்போதே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கதவை மூடினால் தூக்கம் வராதாம். விருந்தாளி வந்தால் எனக்குத்தான் சங்கடம்.

ஏப்ரல் 14, வெள்ளி

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். அண்ணி வேலூரிலிருந்து போன் செய்தாள். இவர் நாற்காலி செய்கிற கதையைச் சொன்னேன். "நீயா கேட்டே?" என்றாள். பிறகு, "உன் பெரிய மனசு யாருக்கு வரும், தில்லை" என்றாள். இதை அவள் எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மாவின் பித்தளை அண்டாக்களை நான் கேட்காமல் விட்டேன், அதற்காக. அண்டாவுக்கு இத்தனை வருஷம் நன்றி சொல்கிறவள் இவள் ஒருத்திதான்.

ஏப்ரல் 20, வியாழன்

இவர் இன்று பட்டினி. வருஷா வருஷம் சித்திரையில் ஒரு நாள் இப்படி. யாரோ சொந்தக்காரர் திதி என்பார். உளியைத் தொடவில்லை. தோட்டத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 24, திங்கள்

முதல் நாற்காலி முடிந்துவிட்டது.

ஓர் ஆணி இல்லை. எல்லாம் நாக்கும் துளையுமாகக் கடித்துக்கொண்டு நிற்கிறது. கை வைக்கும் இடத்தில் அதே வளைவு. அப்பா நாற்காலிக்கு நான் தைத்த பச்சை மெத்தையைக் கொண்டுபோய்ப் போட்டேன். நாலு மூலையும் அச்சாகப் பொருந்தியது! ஒரு நூல் கூடுதல் இல்லை, குறைச்சல் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுச் சுற்றிச் சுற்றி வந்தேன். நிறம் மட்டும்தான் வேறு.

"மாயமா மந்திரமா?" என்றேன். சின்னப்பிள்ளை போல வெட்கப்பட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. தேனு பிறந்த அன்றுகூட இப்படி இல்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 29, சனி

எழுத முடியவில்லை.

மே 1, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது நம்புகிறேனா பார்க்கலாம்.

சனிக்கிழமை காலை. இரண்டாவது நாற்காலியும் முடிந்துவிட்டது. நான் காபியோடு போய் மூன்றையும் வரிசையாகப் போட்டுப் பின்பக்கம் பார்த்தேன். முதுகு சாயும் இடத்தில் ஐந்து பட்டைகள். அப்பா நாற்காலியில் நாலாவது பட்டை மட்டும் மற்றதைவிடக் குறுகல். சின்ன வயதிலிருந்தே துணிகளையும் தையலையும் பார்த்த கண், அது எனக்கு எப்போதும் உறுத்தும். கைதி ஏதோ கவனப் பிசகில் செய்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன். புது நாற்காலி இரண்டிலும் நாலாவது பட்டை குறுகல்.

சிரித்துவிட்டேன். "ஒரே மாதிரி வேணும்னு சொன்னேன்தான். அதுக்காக எவனோ பண்ண தப்பையுமா காப்பியடிப்பீங்க?"

அவரும் சிரித்தார். உப்புத்தாளால் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே, "தப்பு இல்ல தில்லை. அங்க குடுக்கற பலகை அந்த அகலம்தான். முழுசா நாலு பட்டை வரும், மிச்சம் முக்கால்தான். அந்த முக்காலை நாலாவதா வெச்சா சாயறப்போ முதுகுக்குத் தெரியாது. வருஷக்கணக்கா அப்படியே அறுத்துப் பழகின கை, இப்ப முழுப் பலகை இருந்தும் மாத்த வரல" என்றார்.

"அங்கன்னா? பம்பாய்லயா?"

"பட்டறையில. உங்கப்பாதானே பலகையை எண்ணிக் குடுப்பாரு."

நான் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தப் பட்டறை, எந்த அப்பா என்று மனசு எங்கெங்கோ ஓடியது. என் அப்பா பம்பாய்க்குப் போனதே இல்லை. என் அப்பா பலகை எண்ணிக் கொடுத்தது ஒரே ஓர் இடத்தில்தான்.

"நீங்க ஜெயில்ல வேலை பார்த்தீங்களா?" அதுதான் என் வாயில் வந்தது. அவ்வளவு தூரம்தான் என் புத்தி போயிற்று.

உப்புத்தாள் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, எடுக்க மறந்துவிட்டார் போல.

"தில்லை. உனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியணும்?"

"உங்கப்பா உன்கிட்ட சொன்னாரு. எல்லாத்தையும் சொல்லிட்டேன், பொண்ணு சரின்னு சொல்லிட்டான்னு சொன்னாரு. நான் அவர்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன்."

"என்னத்தைச் சொன்னாரு?"

சொன்னார். நின்றபடியே சொன்னார், ஜோடிக்காமல் சொன்னார். இருபது வயதில் ஊரில் வாய்க்கால் தண்ணீர் திருப்புகிற தகராறு. கையில் மண்வெட்டி. காம்பால் ஓங்கி அடித்தார். சித்தப்பா பையன், பெயர் சம்பத்து. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். "கொல்லணும்னு அடிக்கல. ஆனா அடிச்சேன். செத்துட்டான்." ஐந்து வருஷம் உள்ளே இருந்தார். பம்பாய் என்பது ஊருக்குச் சொல்ல அப்பா கட்டிய கதை. சித்திரைப் பட்டினி சம்பத்துக்கு.

பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்தேன். அப்பாவின் நாற்காலி.

"அதையும் நான்தான் செஞ்சேன்" என்றார். "சீருல அதைப் பார்த்தப்போ நான் அழுதுட்டேன். நீ எல்லாம் தெரிஞ்சுதான் என்னை ஏத்துக்கிட்டேன்னு உங்கப்பா அதை வெச்சுச் சொல்றாருன்னு நெனச்சேன். அன்னிக்கு நீ, அதே மாதிரி நாலு செய்யுங்கன்னு கேட்டப்போ..."

தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அதிர்ச்சியா, அவருக்கு அதிர்ச்சியா என்றே தெரியவில்லை. ஒரு கொலைகாரரோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த அதே நிமிஷத்தில், எதுவும் தெரியாத ஒருத்தியோடு வாழ்ந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.

கொலைகாரர் என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

மே 2, செவ்வாய்

அப்பா படத்துக்குப் பூ வைக்கவில்லை.

மே 3, புதன்

சமைத்தேன். இருவரும் சாப்பிட்டோம். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். மாமியார் வளர்த்தது இல்லை, ஜெயில் வளர்த்தது. போர்வை, தட்டு, கதவு, ஒவ்வொன்றாக வந்து முகத்தில் அறைகிறது. கண்ணைத் திறந்துகொண்டே இருந்திருக்கிறேன், ஒன்றையும் பார்க்கவில்லை.

அப்பா நாற்காலியைத் தூக்கிப் பின்னால் துணி துவைக்கும் கல் பக்கத்தில் போட்டுவிட்டேன். அங்கேயே கிடக்கட்டும்.

மே 4, வியாழன்

அண்ணனுக்குப் போன் செய்தேன். நலமா, மழை உண்டா என்றெல்லாம் கேட்கவில்லை. "இவரு வேலூர் ஜெயில்ல இருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. ஏன் இப்ப?"

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான்! "எனக்குத் தெரியாதுண்ணா."

அண்ணன் குரலே மாறிவிட்டது. "என்னம்மா சொல்றே? உன்கிட்ட சொல்லிட்டேன், நீ சரின்னுட்டே, இனிமே வீட்ல யாரும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு அப்பா எங்ககிட்ட சத்தியம் வாங்கினாரே! நாங்க எல்லாரும் உன்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறையா..."

அப்படியானால் பெரிய மனசு அண்டாவுக்கு இல்லை.

"ஏண்ணா இப்படிப் பண்ணாரு?"

"நான் சண்டை போட்டேன்மா. கொலைக் கேசுக்கா பொண்ணு குடுப்பீங்கன்னு கேட்டேன். அப்பா சொன்னாரு, உன்னைப் பாக்க வந்த மத்தவனையெல்லாம் அரைமணி நேரம் பார்த்தேன், சொஜ்ஜி திங்கறதைப் பார்த்தேன். இவனை அஞ்சு வருஷம் தெனமும் பார்த்தேன். இவன் அளவுக்கு நான் பார்த்த பையன் எவனும் இல்லைன்னாரு. அதுக்கு மேல நான் என்ன பேசறது?"

போனை வைத்துவிட்டேன். என்ன பேச்சு இது! என் வாழ்க்கையை என் அப்பா ஜெயில் பட்டறையில் பலகையோடு பலகையாக எண்ணிக் கொடுத்திருக்கிறார். நான் பாவாடையா, சட்டையா, அவரே வெட்டித் தைத்துக் கொடுக்க? வயிறு எரிகிறது. செத்துப்போன மனுஷரோடு எப்படிச் சண்டை போடுவது?

ஒன்று நினைவுக்கு வருகிறது. எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். நிச்சயத்துக்கு முன்னால் ஒரு நாள் அப்பா என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். "பையனைப் பத்தி ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார். நான் ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல், "நீங்க பார்த்தா சரிப்பா" என்றேன். கொஞ்சநேரம் நின்றார். "அப்ப உனக்குச் சரிதானே?" "சரிப்பா." போய்விட்டார். அதைத்தான் சரி என்று கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் அது சொன்னதாக ஆகாது. ஆகவே ஆகாது.

மே 8, திங்கள்

தோட்டத்தில் மூன்றாவது நாற்காலியின் கால்கள் அப்படியே கிடக்கின்றன. இவர் உளியைத் தொடவில்லை. நான் அந்தப் புது நாற்காலிகளில் உட்காருவதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

எதிரில் வந்து நின்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் தில்லை. அதுக்கப்புறம் எதுவும் கேக்க மாட்டேன்."

"கேளுங்க."

"அப்பவே தெரிஞ்சிருந்தா, சரின்னு சொல்லியிருப்பியா?"

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அவருக்கும் தெரிந்திருக்கும், அப்போதுதான் அவரே காபி போட்டு முடித்திருந்தார்.

அவரைப் பார்க்கவே முடியவில்லை. இத்தனை வருஷம் இந்த மனுஷர் எதை நம்பி நிமிர்ந்து நடந்தார் என்று இப்போது தெரிகிறது. எல்லாம் தெரிந்த ஒரு பெண் தன்னை வேண்டும் என்று சொன்னாள் என்று. அதை ஒரு காபி நேரத்தில் பிடுங்கிவிட்டேன்.

இந்த நோட்டில் உண்மையைத்தான் எழுதுகிறேன். இருபத்துமூன்று வயதில் எனக்குத் தெரிந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். கத்தி அழுது ஊரைக் கூட்டியிருப்பேன். எனக்கு டைபாய்டு வந்தபோது இரண்டு வாரம் லீவு போட்டு என் தலையை வாரிப் பின்னியவரை, தேனுவைத் தோளிலேயே போட்டுத் தூங்க வைத்தவரை, ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் மேல் கை ஓங்காதவரை வேண்டாம் என்றிருப்பேன்.

மே 12, வெள்ளி

கோடை மழை கொட்டித் தீர்த்தது. இவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நாற்காலிக் கால்களையும் பலகைகளையும் நான் உள்ளே எடுத்து வைத்தேன். நல்ல தேக்கு, நனைந்தால் வீண்தானே. துவைக்கும் கல் பக்கம் கிடந்த நாற்காலியையும் எடுத்து வந்து துடைத்தேன். அதுவும் தேக்குதான்.

மே 14, ஞாயிறு

வாயைத் திறந்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை அந்தம்மா வர்றாங்க. நாற்காலி எங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "அவங்க வந்து... நம்மளைப் பத்தி எல்லாம் விசாரிப்பாங்க, தில்லை. பம்பாய்னே சொல்லிடலாம். தேனுவுக்காக."

எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "ஒருத்தியை ஏமாத்திக் கட்டிக் குடுத்தது போதும்! இன்னொரு வீட்டையும் ஏமாத்த நான் விட மாட்டேன். எங்கப்பா பண்ணதை நான் பண்ண மாட்டேன். தேனுகிட்ட சொல்லுங்க, அந்தம்மாகிட்டயும் சொல்லுங்க. ஒரு பொய் இருக்கக் கூடாது. முறிஞ்சா முறியட்டும்!"

"முறிஞ்சிடும், தில்லை. கொலைக் கேசுன்னா யார் பொண்ணு எடுப்பாங்க? புள்ள என்னை மன்னிக்காது."

"நான் என்ன பண்றேன்னு பார்த்தீங்களா? போட்டுட்டுப் போயிட்டேனா? சோறு ஆக்கிப் போட்டுட்டுத்தானே இருக்கேன்?"

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மத்தியானம் இழைப்புளிச் சத்தம் கேட்டது.

மே 16, செவ்வாய்

தேனுவுக்குப் போன் போட்டு இவரே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். சொல்லி முடித்தார். கடைசியில் தேனு, "அம்மா, அப்பா சாப்பிட்டாரா?" என்றாள்.

நான் போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் மிச்சத்தையும் சொன்னேன். எனக்கும் இப்போதுதான் தெரியும் என்பதை. "ஐயோ அம்மா" என்றாள். நாங்கள் இருவரும் அழுதோம். "மாறன்கிட்ட நான் சொல்லிக்கறேன்மா. அத்தைகிட்ட அப்பாவே சொல்லட்டும். அவங்க அதைத்தான் மதிப்பாங்க" என்றாள்.

மே 19, வெள்ளி

நாலு நாற்காலி, ஒரு மேசை. வார்னிஷ் காய்கிறது. மேசையின் மேல் பலகையிலும் ஒன்று குறுகலாக இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு மெத்தை தைத்து முடித்தேன். அளவே எடுக்கவில்லை, பழைய மெத்தையை வைத்து வெட்டினேன்.

மே 21, ஞாயிறு

வாழைக்காய் பஜ்ஜி, கேசரி, காபி. அவர்கள் வந்தார்கள். அந்த அம்மாள் பெயர் பங்கஜவல்லி. கிருஷ்ணகிரி தபாலாபீசில் வேலை. நிமிர்ந்த நடை, அதிகம் பேச்சில்லை, எல்லாவற்றையும் பார்க்கிற கண். புது நாற்காலி நாலிலும் பங்கஜவல்லி, இளமாறன், தேனு, இவர். நான் அப்பாவின் பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன், வேறு நாற்காலி இல்லை.

"அஞ்சும் அச்சா ஒரே மாதிரி இருக்கே! எந்தக் கடையிலங்க?" என்று கைப்பிடியைத் தடவினாள்.

"அப்பா செஞ்சது அத்தை" என்றாள் தேனு. அவள் குரல் கீச்சென்று வந்தது.

"அட! எங்கங்க கத்துக்கிட்டீங்க?"

இவர் தட்டைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "வேலூர் ஜெயில்லங்க. சின்ன வயசுல தகராறுல ஒருத்தனை அடிச்சேன், அவன் செத்துட்டான். அஞ்சு வருஷம் உள்ள இருந்தேன். பொண்ணு எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க தெரிஞ்சுக்கணும்."

பங்கஜவல்லியின் கையில் பாதிக் கடித்த பஜ்ஜி அப்படியே நின்றது. இளமாறன், "அம்மா, எனக்குத் தெரியும், நான்தான்..." என்று ஆரம்பித்தான். கையைக் காட்டி நிறுத்தினாள். சாமியே, இதோ எழுந்து போகப் போகிறாள் என்று நினைத்தேன். தேனு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. இவரைப் பார்க்கவும் இல்லை. என் பக்கம் திரும்பினாள்.

"உங்களை ஒண்ணு கேக்கலாமாங்க? நீங்க தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டீங்களா?"

இவர் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் தெரியும். தேனுவுக்கும் தெரியும். ஒரு பொய்கூட இருக்கக் கூடாது என்று போன ஞாயிற்றுக்கிழமை கத்தியவளும் நான்தான்.

"தெரிஞ்சேதாங்க" என்றேன். "எங்கப்பா ஒண்ணு விடாம சொல்லித்தான் கேட்டாரு. நான் சரின்னு சொன்னேன். இப்பக் கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவேன்."

குரல் நடுங்கவே இல்லை. இவர் தண்ணீர்ச் சொம்பை எடுத்து டம்ளரில் ஊற்றினார். டம்ளர் நிரம்பிப் புது வார்னிஷ் மேசையெல்லாம் வழிந்தும் ஊற்றிக்கொண்டே இருந்தார். தேனு எழுந்துபோய்ச் சொம்பை வாங்கினாள்.

பங்கஜவல்லி கையிலிருந்த பஜ்ஜியைத் தின்று முடித்தாள். கேசரியும் சாப்பிட்டாள். வேறு என்னென்னவோ பேசினோம், ரோஜாவுக்கு என்ன உரம் என்றெல்லாம். கேட்டில் வைத்துத்தான் சொன்னாள்: "முகத்துக்கு நேரா சொன்னீங்க. எனக்கு ரெண்டு நாள் குடுங்க. நான் இன்னும் பயந்துதான் இருக்கேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொன்னதை நெனச்சுக்கிட்டே போறேன்."

கார் போனபிறகு இவர் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். "தில்லை" என்றார். சின்னப்பிள்ளை போலத் தேம்பினார். கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்தேன். "மேசையில தண்ணி ஊத்தி வெச்சிருக்கீங்க, முதல்ல துடைங்க" என்றேன்.

மே 22, திங்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து இன்னும் போன் இல்லை. தேனு பஸ் ஏறிவிட்டாள். போகும்போது காதோடு, "ஏம்மா அப்படிச் சொன்னே?" என்றாள். "பால் பொங்குதுடி" என்று உள்ளே போய்விட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே அடுப்பில் பால் இருந்தது.

சாயங்காலம் மேகம் கறுத்தது. நாற்காலிகளை உள்ளே எடுத்தோம். பழைய நாற்காலியைத் தூக்க இவர் வந்தார். "விடுங்க, அதை நான் எடுத்துக்கறேன்" என்றேன். ஹாலில் ஜன்னலோரம் பழைய இடத்திலேயே போட்டுக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எதிர்ச் சுவரில் அப்பா. அவருக்கு இன்றும் பூ வைக்கவில்லை. நேற்று உங்களைக் காப்பாற்றிவிட்டேன் அப்பா, அது இவருக்காக. உங்களோடு எனக்கு இன்னும் சண்டை பாக்கி இருக்கிறது.